எண்ணெய்க்கு முன்னாடியே ஒரு சோலை... ஷேக் ஸாயித்தின் தண்ணீர்க் கதை!

துபாய்ல உங்க சித்தப்பாவோ மாமாவோ வேலை பார்த்தா, ‘ஷேக் ஸாயித் ரோடு’ங்கிற பேரை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. அபுதாபிக்கு டூர் போறவங்க எல்லாரும் ஸ்டேட்டஸ்ல வைக்கிற அந்த வெள்ளை மசூதி இருக்கே, அதுவும் அவர் பேர்லதான் இருக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அதன் முதல் ஜனாதிபதியாக, 1971-லிருந்து 2004-ல் இறக்கும்வரை இருந்தவர். முழுப்பெயர் ஷேக் ஸாயித் பின் சுல்தான் அல் நஹ்யான்.

அவரைப் பற்றி நமக்குப் பொதுவாகத் தெரிந்த கதை ரொம்பச் சின்னது. பாலைவனத்துல எண்ணெய் கிடைச்சது, பணம் கொட்டுச்சு, ஊரே பளபளன்னு மாறிடுச்சு. அவ்ளோதான்.

ஆனால், அந்தப் பணம் வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மலையடிவாரத்தில் இருந்த ஒரு பாலைவன ஊரில், கையில் பெரிதாகக் காசில்லாமல், தூர்ந்துபோன சுரங்க வாய்க்கால்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த வாய்க்கால்களை நம்பித்தான் அங்கே ஓர் உணவுக்காடு உயிரோடு இருந்தது. இன்னைக்கு ரீல்ஸ்ல ‘ஃபுட் ஃபாரஸ்ட்’னு நீங்க பார்க்கிற விஷயத்தை, அந்த ஊர்க்காரங்க எந்தப் பேரும் வைக்காம தலைமுறை தலைமுறையா செஞ்சுட்டிருந்தாங்க. அதில் ஸாயித் எதை மாற்றினார், பிற்பாடு அந்தத் தண்ணீருக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

அம்மா வாங்கிய சத்தியம்

ஸாயித் பிறந்தது 1918 வாக்கில். அபுதாபியை ஆண்ட நஹ்யான் குடும்பத்தில், நான்கு மகன்களில் கடைசிப் பையன். ‘ஆண்ட குடும்பம்’னு சொன்னதும் தங்கத் தட்டுல சாப்பாடுன்னு நினைச்சுடாதீங்க. அன்றைய அபுதாபி கடலோரத்தில் ஒரு கோட்டையும், அதைச் சுற்றிப் பேரீச்சை ஓலைக் குடிசைகளும் இருந்த ஊர். நல்ல குடிநீருக்கே திண்டாட்டம்.

அதைவிடப் பெரிய பிரச்னை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பா சுல்தான் 1922-ல் ஆட்சிக்கு வந்தார். 1926-ல் அவருடைய சொந்தச் சகோதரரே அவரைக் கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடித்தார். அவரும் இரண்டே வருடத்தில் கொல்லப்பட்டார். 1928-ல் ஸாயித்தின் மூத்த அண்ணன் ஷக்பூத் ஆட்சிக்கு வந்தபோது, அம்மா ஷேக்கா சலாமா தன் நான்கு மகன்களையும் உட்காரவைத்து ஒரு சத்தியம் வாங்கினார். பதவிக்காக ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்தக் கூடாது என்பதுதான் அது. அந்தச் சத்தியத்தை மகன்கள் கடைசிவரை காப்பாற்றினார்கள்.

அப்பா இறந்தபோது ஸாயித்துக்கு எட்டு வயசு இருக்கும். அதற்குப் பிறகான வருடங்களில் பெரும்பகுதியை அல் ஐன் பக்கம் கழித்தார். பள்ளிக்கூடம் என்று ஒன்று அங்கே கிடையாது. குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்டார். மற்றபடி ஒட்டகம், வல்லூறு வேட்டை, பாலைவனத்து நாடோடிகளான பெதூயின்களோடு சுற்றுவது என்றுதான் வளர்ந்தார். எந்த மணல்மேட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது, எந்தச் செடி முளைத்திருந்தால் கீழே ஈரம் இருக்கும் என்பதெல்லாம் அவர் படித்தது இந்த ஆட்களிடம்தான்.

கடல் கைவிட்ட நேரம்

அந்தக் காலத்தில் வளைகுடாவுக்கு வருமானம் முத்துக்குளிப்பில் இருந்து வந்தது. கோடைக்காலம் முழுக்கப் படகில் கிடந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் சிப்பி எடுத்து வருவார்கள். 1930-களில் இரண்டு அடிகள் ஒரே நேரத்தில் விழுந்தன. ஒன்று, உலகப் பொருளாதார மந்தம். இன்னொன்று, ஜப்பானில் பண்ணை வைத்து வளர்த்த முத்துகள் சந்தைக்கு வந்தது. பண்ணை முத்து மலிவு. ஒரு வேலையை நம்பி வாழ்ந்த கடற்கரை முழுவதும் கடனில் மூழ்கியது.

கடல் கைவிட்டால் மிச்சம் இருப்பது பேரீச்சையும், ஒட்டகப் பாலும், கருவாடும்தான். பேரீச்சை விளைகிற இடங்களோ மிகக் குறைவு. அதில் முக்கியமானது அல் ஐன். அபுதாபியிலிருந்து கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர். இன்னைக்கு கார்ல ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம். அன்றைக்கு ஒட்டகத்தில் பல நாள் பயணம்.

1946-ல் அண்ணன் ஷக்பூத், தன் பிரதிநிதியாக ஸாயித்தை அல் ஐனுக்கு அனுப்பினார். அப்போது அவருக்குச் சுமார் 28 வயது. இதைப் படிக்கிற பல பேருக்கு இப்ப இருக்கிற அதே வயசு! கொடுக்கப்பட்ட நிதியோ மிகச் சொற்பம். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை, ஏனென்றால் ஷக்பூத் செலவு விஷயத்தில் படு கறார்.

மணலுக்கு நடுவே மூன்றடுக்குத் தோட்டம்

‘அல் ஐன்’ என்றால் அரபியில் ஊற்று என்று பொருள். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அங்கே வருடத்துக்குச் சராசரியாக 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. சென்னையில் 1,300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது என்பதோடு ஒப்பிட்டால், வித்தியாசம் புரியும். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அப்படிப்பட்ட இடத்தில் மாதுளையும் எலுமிச்சையும் எப்படிக் காய்த்தன?

பதில், அடுக்கு முறை. அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்து தலையைத் தூக்கிப் பார்த்தால், முதலில் தெரிவது பேரீச்சையின் கீற்றுகள். பத்து, பதினைந்து மீட்டர் உயரத்தில் அவை ஒரு பந்தல்போல விரிந்திருக்கும். உச்சி வெயிலை வாங்கிக்கொள்வது அவற்றின் வேலை. பேரீச்சைக்கு அந்த வெயில் தேவை. பழம் பழுப்பதே அந்தச் சூட்டில்தான். அதற்குக் கீழே, சலித்துக் கொடுத்த மாதிரி வருகிற வெளிச்சத்தில் எலுமிச்சை, மாதுளை, அத்தி, மா நிற்கும். அதற்கும் கீழே, தரையோடு தரையாக, காய்கறியும் ஆடு மாடுகளுக்கான குதிரைமசாலும் வளரும்.

இப்படிச் செய்வதால் ஒரே தண்ணீர் மூன்று முறை பயன்படுகிறது. பாத்தியில் பாய்ச்சியது கீரைக்கும் போகும், மாதுளை வேருக்கும் போகும், பேரீச்சை வேருக்கும் போகும். மேலே நிழல் இருப்பதால் மண்ணிலிருந்து ஆவியாகிற நீர் குறையும். வெளியே அடிக்கிற மணல்காற்றை மரங்களும் மண்சுவர்களும் தடுக்கும். தோட்டத்துக்குள் ஓரடி வைத்தாலே சூடு குறைவதை உடம்பு உணரும். ஆடு மாடுகளின் சாணம் திரும்பவும் மண்ணுக்கே போகும். காய்ந்த கீற்று வீட்டுக்குக் கூரையாகும், நார் கயிறாகும்.

பேரீச்சை தானாகக் காய்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஒவ்வொரு வருடமும் ஆண் பூவின் இழைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண் மரத்திலும் ஏறி, பாளைக்குள் சொருகிக் கட்ட வேண்டும். புது மரம் வேண்டுமென்றால் விதை போட மாட்டார்கள். விதையில் முளைப்பது ஆணா பெண்ணா என்று தெரியாது, தாயின் ருசி வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. தாய் மரத்தின் அடியில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவார்கள். அது பலன் தர வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அதாவது, இது ஒருத்தர் ஆசைப்பட்டு ஒரு சீசன்ல போடுற தோட்டம் இல்லை. தாத்தா நட்டதைப் பேரன் சாப்பிடுகிற தோட்டம்.

தரைக்கு அடியில் ஓடுற வாய்க்கால்

சரி, பாத்திக்கு வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அல் ஐனுக்குக் கிழக்கே ஹஜர் மலைத்தொடர் இருக்கிறது. மழை எப்போதாவது அங்கே பெய்யும். அந்த நீர் சரளைக் கற்களுக்குள் இறங்கி, மலையடிவாரத்தில் நிலத்தடி நீராகத் தங்கும். அதைப் பிடிக்க அந்த மக்கள் கண்டுபிடித்த வழிதான் ‘ஃபலஜ்’.

மலையடிவாரத்தில் நீர் இருக்கிற ஆழம்வரை ஒரு கிணறு தோண்டுவார்கள். அதற்குத் தாய்க்கிணறு என்று பெயர். அங்கிருந்து ஊரை நோக்கி, தரைக்கு அடியிலேயே ஒரு சுரங்கம் வெட்டுவார்கள். சுரங்கத்தின் சரிவு, மேலே இருக்கிற நிலத்தின் சரிவைவிடக் குறைவாக இருக்கும். அதனால் ஊருக்குப் பக்கத்தில் வரும்போது சுரங்கம் தானாகவே தரை மட்டத்துக்கு வந்துவிடும், தண்ணீரும் வெளியே வந்து ஓடும். வழியெங்கும் இடைவெளி விட்டுச் செங்குத்தாகக் குழிகள் இருக்கும். மண்ணை வெளியே தூக்கவும், உள்ளே வேலை செய்பவர்களுக்குக் காற்று போகவும் அவை. பம்ப் இல்லை, கரன்ட் இல்லை. தரைக்கு அடியில் ஓடுவதால் வெயிலில் ஆவியாகிற நஷ்டமும் இல்லை. அல் ஐனில் ஹிலி என்ற இடத்தில் தோண்டியெடுக்கப்பட்ட ஃபலஜ் சுமார் 3,000 வருடம் பழையது.

ஆனால், ஃபலஜை வெட்டினால் மட்டும் போதாது. மண் சரியும், அடைக்கும். தொடர்ந்து ஆள் இறங்கித் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். ஸாயித் பொறுப்பேற்ற சமயத்தில் பல ஃபலஜ்கள் பராமரிப்பு இல்லாமல் கிடந்தன. நீர் வரத்து குறைந்திருந்தது. ஓரத்தில் இருந்த மரங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

அவர் முதலில் கையில் எடுத்தது இதைத்தான். ஆட்களைத் திரட்டி, பழைய ஃபலஜ்களைத் தூர்வார வைத்தார். அவரும் அவர்களோடு சேர்ந்து வேலையில் இறங்குவார் என்பது அங்கே இன்றுவரை சொல்லப்படுகிற கதை. அதோடு ‘அல் சாரூஜ்’ என்ற புதிய ஃபலஜ் ஒன்றையும் வெட்ட ஆரம்பித்தார். குறுகலான சுரங்கத்துக்குள் ஆள் குனிந்தபடி கையால் வெட்டுகிற வேலை அது. முடிக்கப் பல வருடங்கள் ஆயின.

தண்ணிக்கு ஓனர் யாரு?

இதுவரை சொன்னது மண்வேலை. அவர் செய்ததில் கஷ்டமான பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஃபலஜில் வருகிற தண்ணீரை அளப்பது லிட்டர் கணக்கில் இல்லை, நேரக் கணக்கில். இவ்வளவு நேரம் வாய்க்கால் உன் தோட்டத்துக்கு, அடுத்து அவர் தோட்டத்துக்கு என்று முறை வரும். பகலில் நிழலின் நீளத்தை வைத்தும், இரவில் நட்சத்திரங்களை வைத்தும் நேரம் கணக்கிடுவார்கள். அதைக் கவனிக்க ‘அரீஃப்’ என்று ஒருவர் இருப்பார். நம்ம ஊர் ஏரிப்பாசனத்துல மடை திறந்து முறை விடுற நீர்பாய்ச்சி மாதிரின்னு வெச்சுக்கோங்க.

சிக்கல் என்னவென்றால், அங்கே நிலம் வேறு, தண்ணீர் வேறு. நிலம் ஒருத்தர் பேர்ல இருக்கும், அதுக்கு வர்ற தண்ணி நேரம் இன்னொருத்தர் பேர்ல இருக்கும். அந்த நேரத்தை விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம். காலப்போக்கில் தண்ணீர் நேரத்தின் பெரும்பகுதி வசதியான சில குடும்பங்களின் கையில் சேர்ந்திருந்தது. நஹ்யான் குடும்பமும் அதில் ஒன்று. சின்னத் தோட்டக்காரர் தன் மரத்துக்குத் தண்ணீர் விட, அவர்களிடம் காசு கொடுத்து நேரம் வாங்க வேண்டும். முத்துத் தொழிலும் படுத்துவிட்ட நிலையில் காசுக்கு எங்கே போவார்? கோடையில தண்ணி லாரிக்குக் குடத்தோட வரிசையில நின்ன அனுபவம் உங்களுக்கு இருந்தா, அவர் நிலைமை சொல்லாமலே புரியும்.

இங்கே ஸாயித்தின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. புது ஃபலஜ் வந்தால் நீர் அதிகமாகும். அதையும் பழைய கணக்கிலேயே விற்க விட்டால் பணக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், அவர் குடும்பத்துக்கும் லாபம். இல்லையென்றால், கணக்கையே மாற்ற வேண்டும். அதைச் செய்தால் ஊரின் பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். படைபலமோ பணபலமோ அதிகம் இல்லாத ஓர் இளைஞருக்கு அது சின்ன விஷயம் கிடையாது. பதவிக்காகக் கொலை விழுந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு, பகை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லித்தர வேண்டியதுமில்லை.

அவர் இரண்டாவது வழியை எடுத்தார். முதலில் தன் குடும்பத்தின் தண்ணீர் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு மற்ற பெரிய உரிமைக்காரர்களிடம் போய்ப் பேசினார். ஒரே நாளில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தண்ணீரை விற்கும் வழக்கம் போய், சின்னத் தோட்டக்காரருக்கும் காசில்லாமல் முறைத் தண்ணீர் கிடைத்தது.

அதன் விளைவு தோட்டத்தில் தெரிந்தது. தண்ணீர் உறுதி என்று ஆன பிறகுதான் ஏழைத் தோட்டக்காரர் பக்கக்கன்று நடுவார். பலன் வரப் பல வருடம் ஆகிற மரத்தை, அடுத்த மாசத் தண்ணிக்கே வழி தெரியாதவர் எதுக்கு நடப் போறார்? பாலைவனத்தில் உணவுக்காடு வளர்க்க நாம் முதலில் கேட்பது என்ன மரம், என்ன உரம் என்றுதான். அல் ஐனில் முதலில் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது.

மரத்தடியில் ஒரு கோர்ட்

1948-ல் வில்ஃபிரெட் தெசிஜர் என்ற பிரிட்டிஷ் பயணி அல் ஐன் பக்கம் வந்தார். ‘ரூப் அல் காலி’ எனப்படும் மாபெரும் மணல்வெளியை ஒட்டகத்தில் கடந்தவர். முவைஜி என்ற கிராமத்துக் கோட்டைக்கு ஸாயித்தைத் தேடிப் போனபோது, அவர் கோட்டைக்குள் இல்லை. வெளியே ஒரு முள்மரத்தடியில், மணலில், ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். அதுதான் அவருடைய அலுவலகம், கோர்ட் எல்லாமே. ஒட்டகம் திருடு போன வழக்கிலிருந்து எல்லாவற்றுக்கும் அங்கேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. யார் வேண்டுமானாலும் நேரே வந்து எதிரில் உட்காரலாம். தண்ணீர் உரிமை மாதிரியான ஒரு விஷயத்தைப் பேசியே மாற்ற முடிந்ததற்கு, இந்த மரத்தடிப் பழக்கமும் ஒரு காரணம்.

1953-ல் முதல் முறையாக ஐரோப்பா போய்வந்தார். அங்கே பார்த்த மருத்துவமனைகளும் பள்ளிக்கூடங்களும் அவரைப் படுத்தியெடுத்தன. 1959-ல் அல் ஐனில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. 1960-ல் ஓர் அமெரிக்க மருத்துவத் தம்பதியை அழைத்து வந்து மருத்துவமனை தொடங்க வைத்தார். எண்ணெய் ஏற்றுமதி ஆரம்பிப்பதற்கு முன்பே நடந்தவை இவை.

கைக்குப் பணம் வந்தது

அபுதாபியின் எண்ணெய் 1962-ல் முதன்முறையாகக் கப்பல் ஏறியது. வந்த பணத்தைச் செலவு செய்ய ஷக்பூத் தயங்கினார். குடும்பமும் அந்தப் பகுதியில் செல்வாக்கோடு இருந்த பிரிட்டனும் மாற்றத்தை விரும்பின. 1966 ஆகஸ்ட் 6-ம் தேதி ஷக்பூத் விலக, ஸாயித் ஆட்சிக்கு வந்தார். ரத்தம் சிந்தவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் காப்பாற்றப்பட்டது. 1971 டிசம்பர் 2-ல் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது.

அதுவரை ஓர் ஊருக்குச் செய்ததை, இப்போது ஒரு நாட்டுக்கே செய்ய ஆசைப்பட்டார். சாலையோரம் எல்லாம் பேரீச்சை. மணல் நகராமல் இருக்கக் காடுகள். ஆடும் மானும் சுற்ற, சர் பனி யாஸ் என்ற வறண்ட தீவில் லட்சக்கணக்கான மரங்கள். 1970-களின் தொடக்கத்தில், சாதியாத் தீவில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கடல்நீரைக் குடிநீராக்கி, மணலில் பசுமைக்குடில் அமைத்துக் காய்கறி வளர்த்துப் பார்த்தார்கள்.

அவர் காப்பாற்றிய மரங்களில் ஒன்றை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே அதன் பெயர் ‘காஃப்’. நம்ம ஊரில் வன்னி! சிவன் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கிற அதே வன்னி. வேர் பல மீட்டர் ஆழம் போய்த் தண்ணீர் தேடும். ஒட்டகத்துக்குத் தீவனம், மனிதனுக்கு நிழல். இளம் இலையை மனிதர்களும் சாப்பிடுவார்கள். அதை வெட்டக் கூடாது என்று ஸாயித் தடை போட்டார். இன்று அமீரகத்தின் தேசிய மரம் அதுதான். இன்னொரு வேடிக்கை, நம்மைப் பாடாய்ப் படுத்துகிற சீமைக்கருவேலத்தையும் அங்கே பசுமைக்காகக் கொண்டுபோய் வைத்தார்கள். அது அங்கேயும் வேலையைக் காட்டி, தன்னிஷ்டத்துக்குப் பரவி, வன்னி நிற்கிற இடங்களை ஆக்கிரமித்தது.

1997-ல் உலக வனவிலங்கு நிதியம் அவருக்குத் தங்கப் பாண்டா விருது கொடுத்தது. 2004 நவம்பர் 2-ல் அவர் இறந்த பிறகு, 2005-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் ‘பூமியின் நாயகர்’ விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது.

ஃபலஜ் வறண்டது

கதையை இந்த இடத்தில் முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், மிச்சத்தையும் சொன்னால்தான் நேர்மை.

பணம் வந்த பிறகு குடிமக்களுக்கு நிலம் கொடுத்தார்கள். கிணறு வெட்டவும், பம்ப் வைக்கவும், விதைக்கும் உரத்துக்கும் உதவி கிடைத்தது. நோக்கம் நல்லதுதான், எல்லோர் கையிலும் ஒரு தோட்டம். ஆனால், ஃபலஜுக்கும் பம்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மலையில் மழை குறைந்தால் ஃபலஜில் தானாகவே நீர் குறையும். எல்லோருக்கும் சேர்ந்து குறையும். எவ்வளவு எடுக்கலாம் என்பதை நிலமே முடிவு செய்யும். பம்ப் அப்படி இல்லை. நீர்மட்டம் இறங்கினால் குழாயை இன்னும் கீழே இறக்கிக்கொள்ளலாம். உன் தோட்டத்தில் நீ இழுப்பது பக்கத்துத் தோட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாது. அரீஃபுக்கும் அங்கே வேலை இல்லை.

புதிய பண்ணைகளில் பலவற்றில் பழைய அடுக்கு முறையும் இல்லை. கால்நடைத் தீவனத்துக்காக வெட்டவெளியில், உச்சி வெயிலில் புல் வளர்த்தார்கள். அந்தப் புல் குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. நீர்மட்டம் இறங்கியது. உப்பு ஏறியது. தாய்க்கிணறுகளுக்குக் கீழே நீர் போனதும் ஃபலஜ்கள் வறண்டன. பல நூறு வருடம் புவியீர்ப்பில் ஓடிய அல் ஐன் வாய்க்கால்களில் இன்று ஓடுவது, பெரும்பாலும் மோட்டார் வைத்து ஏற்றிவிடுகிற தண்ணீர்.

ஃபலஜை மீட்டு ஊரைப் பிழைக்க வைத்தவரின் ஆட்சிக்காலத்தில்தான் இது பெருமளவு நடந்தது. அவர் பசுமையை நேசித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், 1940-களில் அவரிடம் தண்ணீர் கொஞ்சமாக இருந்தது, அதனால் பங்கீட்டில் கவனமாக இருந்தார். பணம் வந்த பிறகு தண்ணீர் அளவில்லாதது மாதிரித் தோன்றியது. பங்கீட்டைப் பற்றிய பழைய பேச்சு பின்னுக்குப் போய்விட்டது.

அவருக்குப் பின் வந்தவர்கள் இப்போது அந்தக் கணக்கைத் திரும்பப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கிற தீவனப் புல்லைக் குறைக்க மானியத்தை மாற்றினார்கள். 2016-ல் அபுதாபி ஒரு சட்டம் போட்டு, நிலத்தடி நீர் தனியார் சொத்து இல்லை, அரசின் சொத்து என்று அறிவித்தது. 2018-ல் லிவா பாலைவனத்துக்கு அடியில், சுத்திகரித்த கடல்நீர் 2.6 கோடி கன மீட்டரை நிலத்துக்குள் இறக்கிச் சேமித்து வைத்தார்கள். எடுத்தவர்கள் இப்போது திரும்ப ஊற்றுகிறார்கள்.

நீங்க அங்கே போனா...

அல் ஐன் சோலைகள் இன்னமும் இருக்கின்றன. 1,47,000 பேரீச்சை மரங்கள், நூறு ரகங்கள் வரை. 2011-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பர்யச் சின்னங்களில் சேர்த்தது. 2015-ல் ஐ.நா-வின் உணவு, விவசாய அமைப்பும் அல் ஐன், லிவா சோலைகளைப் பாரம்பர்ய விவசாய முறையாக அங்கீகரித்தது. ஃபலஜ் அமைப்பும் அதைப் பராமரிக்கிற அறிவும் 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

துபாய்க்கோ அபுதாபிக்கோ போகிற வாய்ப்பு கிடைத்தால், மால்களுக்கு நடுவே ஒரு நாளை அல் ஐனுக்கு ஒதுக்குங்க. சோலைக்குள் மண்சுவர்களுக்கு நடுவே நடைபாதை இருக்கிறது. மேலே பேரீச்சையைப் பார்த்து போட்டோ எடுத்த பிறகு, கொஞ்சம் குனிந்து, காலடியில் போகிற வாய்க்காலையும் பாருங்க. ஒவ்வொரு தோட்டத்துக்கும் பிரிகிற இடத்தில் ஒரு சின்ன அடைப்பு இருக்கும். எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் போகணும்னு முடிவாகிற இடம் அதுதான். 28 வயசுல ஸாயித் தன் வேலையை ஆரம்பிச்சதும் அங்கிருந்துதான்.